இரண்டு கப்பல்களில் ஒரு கடிதம்

லண்டன் குட்மேய்ஸில் எங்கள் தெருவுக்குத் தபால் காலை பதினொரு மணியளவில் வரும். மழை நாளில் கொஞ்சம் பிந்தும். தபால்காரர் நல்ல மனிதர். கதவுத் துவாரத்தில் உறைகளை மடங்காமல் போடுவார். நடந்ததில் அவருடைய பிழை எதுவும் இல்லை.

தாரகா அக்கா, காணாமற்போனவர்களைத் தேடும் உங்கள் அலுவலகத்தில் அன்று நான் வாய் திறக்கவில்லை. நீங்கள் மூன்று முறை தண்ணீர் தந்தீர்கள். பிறகு, பேச வராவிட்டால் தேதி வரிசையில் எழுதித் தாருங்கள் என்றீர்கள். தேதி வரிசையில் எழுதுவது எனக்கு வரும். அதுதான் என் வேலை.

நான் வேதியியல் படித்தவள். வால்தம்ஸ்டோவில் கிருஷ்ணமூர்த்தி என்ற ஓய்வுபெற்ற டொக்டரின் வீட்டில் பழைய கடிதங்களைப் பராமரிக்கிறேன். அத்லாந்திக் சமுத்திரத்தைக் கடந்த தபால் நீராவிக் கப்பல்களில் போன கடிதங்கள் மட்டும்தான் அவர் சேர்ப்பார். 1840 முதல் ஐம்பது வருடத்துக் கடிதங்கள் இரண்டாயிரத்து முந்நூறு இருக்கின்றன. நான் அவற்றின் கறையை எடுத்து, மடிப்பை நிமிர்த்தி, அட்டவணையில் பதிவேன். அனுப்பியவர், பெறுபவர், கப்பல், புறப்பட்ட நாள், சேர்ந்த நாள், தாளின் நிலை. ஆறு கட்டங்கள்.

அந்த வேலையில் தெரிந்துகொண்ட இரண்டு விடயங்களை உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

ஒன்று, இரட்டைப் படி. லிவர்பூலிலிருந்து புறப்பட்ட கப்பல்கள் எல்லாம் மறுகரைக்குப் போய்ச் சேரவில்லை. அதனால் முக்கியமான செய்தி இருப்பவர்கள் ஒரே கடிதத்தை இரண்டு முறை எழுதி இரண்டு கப்பல்களில் அனுப்பினார்கள். இரண்டாவதின் தலைப்பில், இதன் முதற்படி போன சனிக்கிழமைக் கப்பலில் வருகிறது என்று ஒரு வரி இருக்கும். அநேகமாக இரண்டும் போய்ச் சேரும். படித்தவர்கள் ஒன்றை எறிந்துவிடுவார்கள். இரண்டும் சேர்ந்து கிடைத்தால் டொக்டர் அன்றைக்குப் பாயசம் வைப்பார்.

மற்றது, ‘மெரிடியன்’ என்ற கப்பல். 1857 ஜனவரியில் நூற்றறுபது பேரோடும் அறுபது தபால் பைகளோடும் லிவர்பூலை விட்டது. நியூயோர்க்குக்குப் போய்ச் சேரவில்லை. அப்போது கப்பலில் கம்பியில்லாத் தந்தி கிடையாது. கரை மறைந்தால் மறுகரை வரும்வரை ஒரு சத்தமும் இல்லை. எனவே அதை மூழ்கிவிட்டது என்று யாரும் எழுதவில்லை. பிந்தியிருக்கிறது என்றுதான் எழுதினார்கள். ஹனா என்ற பெண்ணின் கணவன் அதில் போயிருந்தான். கப்பல் கம்பனியின் எழுத்தர் ஒருவர் ஒன்பது வருடங்களில் ஹனாவுக்கு நாற்பத்து மூன்று கடிதங்கள் எழுதியிருக்கிறார். பனிக்கட்டியில் சிக்கிய கப்பல்கள் முன்பும் திரும்பி வந்திருக்கின்றன என்பதை நாற்பத்து மூன்று விதமாகச் சொல்லியிருக்கிறார். ஒரு வாக்கியம்கூட இரண்டாம் முறை வரவில்லை.

இந்தப் பெட்டியை நான் இந்த வருடம், 2009 பெப்ரவரியில் பதிந்து முடித்தேன்.

"அந்தாளு நல்லாத்தான் எழுதியிருக்கான்," என்றார் டொக்டர். "ஆனா அந்தம்மாவ ஒன்பது வருஷம் ஜன்னல்லயே நிக்க வச்சுட்டானே பாவி."

நான் பெட்டியின் மூடியைப் பொருத்தினேன்.

"ஏம்மா கௌரி, நீ வாயத் தொறந்தா எனக்கு கரண்ட் பில்லா ஏறிடப் போகுது?"

எழுத்தரைப் பற்றி அவர் சொன்னதற்கு ஓம் என்றேன். ஆனால் நான் கணக்கிட்டுப் பார்த்திருந்தேன். எழுத்தர் இறந்து கடிதங்கள் நின்ற பிறகு ஹனா நான்கு மாதம்தான் உயிரோடு இருந்தாள்.

மெற்றில்டா அன்ரியின் வீட்டில் நான் 2006இலிருந்து வாடகைக்கு இருக்கிறேன். என் பெற்றோர் டென்மார்க்கில். பத்து வயதில் அங்கே போய், படிக்க லண்டன் வந்து, அப்படியே தங்கிவிட்டேன். அன்ரி பார்க்கிங் என்ற ஊரில் சான்ட்விச் செய்யும் இடத்தில் காலை ஷிப்ட். விடிய முன் போய்ப் பின்னேரம் மூன்றுக்கு வருவார். நான் பகல் பன்னிரண்டுக்குப் போய் ஏழுக்கு வருவேன். ஆகவே தபால் விழும்போது வீட்டில் இருப்பது நான். அன்ரிக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. கவுன்சில் கடிதம், காஸ் கடிதம், ஆஸ்பத்திரிக் கடிதம் எல்லாவற்றையும் பிரித்து வாசித்துச் சொல்வேன். அந்த வீட்டில் உறையைப் பிரிப்பது என் பொறுப்பு. இதை யாரும் தவறாக நினைத்ததில்லை.

அன்ரியின் ஒரே மகன் கஸ்பர் வன்னியில் போருக்குள் இருந்தார். ஜனவரிக்குப் பிறகு அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. ஏப்ரலில் அன்ரி ஷிப்ட் முடிந்து நேரே போய்ப் பாராளுமன்றத்துக்கு முன்னால், போரை நிறுத்தக் கேட்கும் கூட்டத்தில் நிற்பார். குரல் அடைத்து வருவார். மே நடுவில் எல்லாம் முடிந்தது என்றார்கள். அதன்பின் அவர் எங்கும் போகவில்லை. வேலைக்கும் போகவில்லை. மாடிப்படியின் மூன்றாவது படியில் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். குளியலறைத் தராசில் ஒவ்வொரு திங்களும் அவரை நிறுத்திப் பார்த்தேன். ஐம்பத்திரண்டு கிலோவில் இருந்தவர் ஜூன் முதல் வாரம் நாற்பத்து நான்கு.

ஜூன் 8 முதல் கடிதத்தை எழுதினேன்.

கடினமாக இருக்கவில்லை. கஸ்பர் சமாதான காலத்தில் எழுதிய பதினொரு கடிதங்கள் அன்ரியின் செபப் புத்தகத்துக்குள் இருந்தன. நான் டென்மார்க்கில் சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்தில் கரும்பலகையைப் பார்த்து எழுதித் தமிழ் பழகியவள். தமிழில் எனக்கென்று ஒரு கையெழுத்து அமையவில்லை. அவருடையது நன்றாக அமைந்தது. பள்ளிப் பிள்ளைகள் எழுதும் இலங்கைக் கொப்பி எங்கள் தெரு முனைத் தமிழ்க் கடையில் கிடைக்கிறது. அன்ரி குளித்துக்கொண்டிருந்தபோது கொழும்பிலிருந்து வந்த ஒருவர் கதவைத் தட்டித் தந்துவிட்டுப் பெயர் சொல்லாமல் போனார் என்றேன். அந்த நாட்களில் எல்லோரும் அப்படித்தான் போனார்கள்.

கடிதம் ஆறு வரி. நான் சுகம். ஓரிடத்தில் பாதுகாப்பாக இருக்கிறேன். என் பெயரை ஒருவரிடமும் கொடுக்காதீர்கள், தேடாதீர்கள், கொடுத்தால் எனக்குத்தான் ஆபத்து. நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

அன்ரி அதை நின்றபடியே வாசித்தார். பிறகு குசினிக்குப் போய்ப் பிட்டு அவித்தார். மாதா கோவில் ஆட்களோடு சேர்ந்து நிரப்பியிருந்த, ஆட்களைத் தேடும் படிவத்தை மறுநாள் போய்த் திரும்ப வாங்கி வந்தார். தேடாதே என்ற வரி அதற்காகத்தான் எழுதப்பட்டது. தேடினால் ஏதாவது பதில் வரும். அந்தப் பதில் நல்லதாக இருக்கும் என்று அப்போது நானும் நினைக்கவில்லை.

ஜூலையில் இரண்டாவது கடிதம். நாற்பத்தெட்டு கிலோ. அன்ரி வேலைக்குத் திரும்பினார்.

ஓகஸ்ட் மாதம் மூன்றாவது. அதில் ஒரு வரி இருந்தது. "அம்மா, உங்களோடை இருக்கிற அந்தப் பிள்ளைக்கு ஒரு இடமும் பாத்திடாதேங்கோ. நான் வந்தாப்பிறகு கதைப்பம்." கடிதம் எழுதிக்கொண்டு போகையில் அந்த வரி வந்தது. கஸ்பர் அப்படிச் சொல்லக்கூடியவர்தான்.

"கள்ளி," என்றார் அன்ரி. "உன்ர படத்தை அவனுக்கு அனுப்பினது பிழையாப் போச்சு. போன நத்தாருக்கு எடுத்த படம், என்ன?"

நான் குனிந்துகொண்டேன்.

"வெக்கத்தைப் பார். சிவகௌரி எண்டு பேரை வைச்சுக்கொண்டு எங்கட கோயில் படியேற ஏலாது. மரியகௌரி எண்டு மாத்துவம். ஃபாதர் ஓமெண்டுவார். உன்ர கொப்பர்தான் டென்மார்க்கிலை இருந்து கத்தியோடை வருவார்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தக் கிழமை என்னைப் பின் அறையிலிருந்து முன் அறைக்கு மாற்றினார். அங்கே கஸ்பரின் படம் இருந்தது. வீட்டுக்கு யாராவது வந்தால், இது என்ர மருமோள் என்றார். அதற்கு முன் என்னை யாரும் இன்னாருடைய இன்னார் என்று ஒருவருக்கும் காட்டியதில்லை. இதைத் தகவலுக்காகச் சொல்கிறேன்.

செப்டெம்பர் 9, புதன்கிழமை. பதினொன்று பத்துக்குத் தபால் வந்தது. கொழும்பு முத்திரை குத்திய வான்கடித உறை. பிரித்தேன்.

கொப்பித் தாள், ஒற்றை. இரு பக்கமும் நீலப் பேனா. எழுத்துக்கள் சாய்ந்தும் உடைந்தும் இருந்தன. முதல் வரி: "அம்மா, இதே கடிதத்தை இன்னொராளிட்டையும் குடுத்து விட்டிருக்கிறன். எது முன்னம் வருதோ தெரியாது."

நூற்றைம்பது வருடத்துக்கு முந்திய வழக்கத்தை யாரும் சொல்லிக்கொடுக்காமலே ஒருவர் கண்டுபிடித்திருக்கிறார் என்று எனக்கு வியப்பாக இருந்தது. பிறகு மிகுதியை வாசித்தேன்.

அவர் வவுனியாவுக்குப் பக்கத்தில் ஒரு முகாமில் இருந்தார். செல் குண்டு பட்டு வலது கை ஏலாது, இடது கையால் எழுதுகிறேன் என்றிருந்தார். 2007இல் சுவர்ணா என்ற பெண்ணைக் கல்யாணம் செய்ததை அம்மாவுக்கு அறிவிக்க முடியாமல் போனதற்கு மன்னிப்புக் கேட்டிருந்தார். ஒரு மகள். பதினான்கு மாதம். "உங்கட பேர்தான் வைச்சது, மெற்றில்டா." பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது. பெயர் பதிந்த சிலரை வேறு இடத்துக்கு ஏற்றுகிறார்கள். ஒக்ரோபர் 15க்குள் அவருடைய பிறப்புப் பத்திரமும் ஞானஸ்நானப் பத்திரமும், இவன் என் மகன் என்று அம்மா கையெழுத்திட்ட கடிதமும் வவுனியாவில் ஒரு வழக்கறிஞருக்குப் போனால் மூவரையும் வெளியே எடுக்கலாம். கீழே வழக்கறிஞரின் விலாசம், கூடார எண், அவருடைய பதிவு எண். ஆறு இலக்கம்.

பிறப்புப் பத்திரமும் ஞானஸ்நானப் பத்திரமும் முன் அறை அலுமாரியில், என் உடுப்புகளுக்கு மேல் தட்டில் இருந்தன.

நான் அவசரப்படவில்லை. இரண்டு முறை வாசித்தேன். கையெழுத்து முன்னைய பதினான்கு கடிதங்களோடும் ஒத்துப்போகவில்லை. செய்தி கடைசி மூன்று கடிதங்களோடு முரண்பட்டது. ஒரு தொகுப்பில் இப்படி ஒரு கடிதம் வந்தால் அதைத் தனியே எடுத்து வைப்பதுதான் முறை. அன்ரி அப்போது ஐம்பது கிலோ. இதைக் காட்டினால் மூன்று கடிதங்களும் பொய்யாகிவிடும். மூன்று மாதமாக அவரோடு பேசிக்கொண்டிருந்த மகன் ஒரு காலைப்பொழுதில் இல்லாமல் போய்விடுவான். அதற்குப் பதிலாக வருவது கை ஏலாத, யாரோ ஒரு பெண்ணைக் கட்டிய ஓர் ஆள்.

கடிதத்தை வால்தம்ஸ்டோவுக்குக் கொண்டுபோய் ‘மெரிடியன்’ பெட்டியில் கடைசி உறையாக வைத்தேன். அந்தப் பெட்டியை டொக்டர் இனித் திறக்கமாட்டார்.

இரண்டாம் படி வரும் என்று தெரிந்திருந்ததால் ஆயத்தம் செய்ய நேரம் இருந்தது. அன்று இரவு வெங்காயம் உரிக்கும்போது அன்ரியிடம் சொன்னேன். "முகாமிலை இருந்து எழுதினமாதிரி ஆரோ பொய்க் கடிதங்கள் அனுப்புகினமாம் அன்ரி. பிள்ளை குட்டி எண்டெல்லாம் எழுதிப் பத்திரங்களை வாங்குகினமாம்."

"சவத்துகள்," என்றார் அன்ரி. "அதுகளின்ர கை அழுகும்."

ஒக்ரோபர் 4, ஞாயிறு. பூசை முடிந்து வந்த அன்ரி கோட்டைக் கழற்றாமல் குசினி மேசையில் உட்கார்ந்தார். ஞானரட்ணம் என்ற, அவர்களுடைய கோவில் ஆள் ஒருவர் மன்னாருக்குப் போய் வந்திருந்தார். அங்கே ஒரு ஃபாதர் கொடுத்த கட்டிலிருந்து ஒரு கடிதத்தை அன்ரியின் கையில் கொடுத்திருக்கிறார். அன்ரி அதை மேசையில் வைத்தார். பக்கத்தில் செபப் புத்தகத்தைத் திறந்து என் மூன்று கடிதங்களையும் பழைய கடிதங்களையும் வைத்தார்.

"கௌரி, நீ டொக்டரின்ர வீட்டிலை இதுதானே பாக்கிறனி. பாத்துச் சொல்லு. எது என்ர பிள்ளை எழுதினது?"

நான் பையிலிருந்து உருப்பெருக்கியை எடுத்தேன். இருபது நிமிடம் பார்த்தேன். அவர் கோட்டோடு உட்கார்ந்திருந்தார். பிறகு நான் கையெழுத்தைப் பற்றிச் சொன்னது எல்லாம் உண்மை.

"இந்த மூண்டும் ஒரே கை, அன்ரி. இது வேற கை."

"பழைய கடிதத்தோடை?"

"இந்த மூண்டும்தான் ஒத்துப்போகுது. இது ஒரு எழுத்தும் ஒத்துவரேல்லை."

"கை ஏலாது, இடக்கையாலை எழுதுறன் எண்டு போட்டிருக்கே பிள்ளை."

"பொய் எழுதிறாக்கள் முதல்லை அதைத்தான் சொல்லுவினம்."

அவர் கடிதத்தை இன்னொரு தடவை எடுத்து, வாசிக்காமல், தடவிப் பார்த்தார்.

"உனக்கு நிச்சயமோ? ஃபாதருக்கு ஒருக்கா போன் எடுத்துக் கேக்கட்டோ?"

"கேட்டால் பேர் வெளியிலை போகும். அவர் வேண்டாமெண்டல்லோ எழுதியிருக்கிறார்."

அன்ரி கடிதத்தை நான்காகக் கிழித்தார். பிறகு எட்டாக. குப்பை வாளிக்குள் போட்டுவிட்டு, "என்ர பேரையெண்டாலும் விட்டு வைச்சிருக்கலாம்," என்றார். கோட்டைக் கழற்றப் போனார்.

செவ்வாய்க்கிழமை கவுன்சில் லொறி வந்து குப்பையை எடுத்தது.

ஒக்ரோபர் 15 வியாழக்கிழமை. அன்று எனக்கு விசேடமாக ஒன்றும் நினைவில்லை.

நவம்பர் 29, ஞானரட்ணம் அண்ணை வீட்டுக்கு வந்தார். ஃபாதர் அவருக்குப் போன் எடுத்திருந்தார். கஸ்பரின் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்ததே தான்தான் என்றும், தாய் ஏன் பத்திரங்களை அனுப்பவில்லை என்றும் கேட்டிருக்கிறார். ஃபாதர் முகாமுக்குப் போனபோது அந்தக் கூடாரத்தில் வேறு குடும்பம் இருந்ததாம். மூவரையும் ஒக்ரோபர் 19 லொறியில் ஏற்றியதாகப் பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்களாம். எங்கே என்று யாருக்கும் தெரியாது. பதிவு எண் இல்லாமல் எந்தப் பட்டியலிலும் தேட முடியாது என்கிறார்கள். மிகுதி உங்களுக்குத் தெரியும். அன்ரியை உங்களிடம் கூட்டி வந்தது அவர்தான்.

அன்ரி என்னிடம் இன்னும் ஒன்றும் கேட்கவில்லை. என் மூன்று கடிதங்களையும் அவர் எறியவும் இல்லை. இரவுச் சாப்பாட்டை மூடி வைக்கிறார். பழையபடி மூன்றாவது படியில் உட்கார்ந்திருக்கிறார். போன திங்கள் நாற்பத்து மூன்று கிலோ.

நீங்கள் அன்று கேட்டது ஒன்றே ஒன்று. இரண்டு பேரிடம் கொடுத்துவிட்டதாக அன்ரி கிழித்த கடிதத்திலேயே இருந்ததாம், முதற்படி வீட்டுக்கு வந்ததா, பதிவு எண் வேண்டும் என்றீர்கள். வந்தது. அதை நான் மறைக்கவில்லை. நீங்கள் கேட்கும்வரை யாரும் கேட்கவில்லை. மறுநாள் அதை உங்களுக்குக் கொண்டுவருவதற்காகத்தான் பெட்டியிலிருந்து எடுத்தேன்.

மேசையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் யோசித்தேன். ஆறு இலக்கம் கிடைத்தால் நீங்கள் ஒரு விண்ணப்பம் எழுதுவீர்கள். பதில் வர மாதக்கணக்காகும். வருவது நல்ல பதிலாகவும் இருக்காது. அன்ரிக்கு அவ்வளவு காலம் இல்லை. எது வேலை செய்யும் என்பதை நான் மூன்று முறை பரிசோதித்துப் பார்த்திருக்கிறேன். எட்டு கிலோ இறங்கிய ஒருவரைக் கடிதம்தான் மேலே கொண்டுவந்தது. ஆனால் இப்போது கடைக் கொப்பித் தாளை அவர் நம்பமாட்டார். முகாம் தாள் எப்படி இருக்கும் என்று அவருடைய விரலுக்குத் தெரியும்.

குமிழ்முனைப் பேனா மை, நகப்பூச்சு அழிக்கும் அசிற்றோனில் கரையும். அந்தத் தாளின் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. எழுத்து அழுந்திய பள்ளங்கள் இருந்தன. இடது கையால் எழுதுபவர்கள் அழுத்தித்தான் எழுதுவார்கள். தாளை ஈரப்படுத்திப் பலகைக்குக் கீழே இரண்டு நாள் வைத்தேன். இப்போது சாய்ந்த வெளிச்சத்திலும் ஒன்றும் தெரியவில்லை. நல்ல வேலை. பதிவு எண்ணை நான் குறித்து வைக்கவில்லை. அட்டவணையில் அதற்கு ஒரு கட்டம் இல்லை. நான்கில் தொடங்கியதாக ஒரு நினைவு. உறுதியில்லாததை நான் பதிவதில்லை.

அந்தத் தாளை ஓர் உறையிலிட்டு இதனோடு வைத்திருக்கிறேன். என்னிடமிருந்து என்றால் அன்ரி இப்போது வாங்கமாட்டார், நீங்கள் கொடுத்தால் வாங்குவார். கஸ்பர் சுகமாக இருக்கிறார், கை ஆறி வருகிறது, கௌரியில் கோபிக்க வேண்டாம் என்றும் எழுதியிருக்கிறார். தயவுசெய்து பிரிக்காமல் கொடுங்கள். அடுத்தவர் கடிதத்தைப் பிரிப்பது சரியில்லை.